குத்தாலத்திலும் மூன்றே நாள்தான்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருக்கும் கால்வேயில், சால்ட்ஹில் கடற்கரை நடைபாதையில் நின்று தெற்கே பார்த்தால் வளைகுடாவுக்கு அப்பால் கிளேர் மலைகள் தெரியும். மலை தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிக்காத கால்வேக்காரர் கிடையாது. நான் வந்த முதல் வாரத்தில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரிடமும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்துவைத்தேன். 2023 ஜூலையில்தான் அது பகடி இல்லை, வானிலை அறிக்கை என்று புரிந்தது. அந்த மாதம் முழுக்க அந்த மலைகளை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம் எங்களை நன்றாக ஏமாற்றி வைத்திருந்தது. 2023 ஜூன்தான் அயர்லாந்தில் அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஜூன். நாட்டின் சராசரி வெப்பநிலை முதல் முறையாக 16 டிகிரியைத் தாண்டியது. இரவு பகல் எல்லாம் சேர்த்த சராசரிதான், ஆனாலும் பதினாறுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நம் ஊரில் சிரிப்பார்கள். இங்கே ஆர்ப்பாட்டம்தான். மேற்குக் கரையோரம் கடலே வழக்கத்தைவிடச் சூடாகிக் கிடந்தது. பிளாக்ராக் குதிமேடையில் பள்ளிப் பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரியான லீவிங் சர்ட் தேர்வு நடக்கும், அப்போது பார்த்து வெயில் அடிக்கும், பிள்ளைகள் சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே எழுதுவார்கள். அந்த வெயிலுக்கே 'லீவிங் சர்ட் வெயில்' என்று பெயர். தேர்வு முடிந்ததும் வெயிலும் முடிந்துவிடும் என்ற பின்பாதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

அந்த வெயிலின் மிதப்பில்தான் அம்மாவிடம் போனில் சொன்னேன்: "ஸ்வெட்டர் எல்லாம் வேண்டாம்மா, இங்க வெயில் பிய்க்குது." அம்மா ஸ்ரீவைகுண்டத்துக்காரி. சொன்னால் சொன்னபடி செய்கிறவள். பருத்திச் சேலைகளையும் ஒரே ஒரு சால்வையையும் எடுத்துக்கொண்டு ஜூலை ஒன்றாம் தேதி வந்து இறங்கினாள். மூன்று மாதம் இருக்கும் திட்டம். விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மூஞ்சியில் தூறல் விழுந்தது. அம்மா கையை நீட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, குத்தாலம் மாதிரில்லா இருக்கு!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்து வெயிலில் ஆனி ஆடி பிறந்ததும் எல்லாரும் குற்றாலத்துக்கு ஓடுவோம். சாரலில் நனைவதற்குக் காசு செலவழித்துப் போகிற சனம். அம்மாவுக்கு முதல் வாரம் முழுக்கக் குத்தாலம்தான். காலையில் டீயோடு பின்வாசலில் நிற்பாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கை நீட்டி, நனைந்த விரலைக் கன்னத்தில் தடவிக்கொள்வாள்.

ஒரே ஒரு குழப்பம், சாயங்கால விளக்கு. ஜூலை தொடக்கத்தில் இங்கே பொழுது அடைய இரவு பத்து மணி ஆகும். வெயில் அடித்தால் அந்த நீண்ட மாலையைப் போல் சுகம் வேறில்லை. மேகம் மூடினால் காலை ஐந்தரைக்கு எந்த நிறமோ அதே நிறம்தான் இரவு ஒன்பதரைக்கும், விளக்கிப் பல நாளான எவர்சில்வர் பாத்திரத்தின் நிறம். பொழுது எப்போது சாய்கிறது என்று வானத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முதல் இரண்டு நாள் அம்மா இருட்டுக்காகக் காத்திருந்து சோபாவிலேயே தூங்கிவிட்டாள். மூன்றாம் நாள், "இது ஆவுறதில்ல" என்று கடிகாரத்தைப் பார்த்து ஆறரைக்கு ஏற்றிவிட்டாள். அதுதான் அவள் இந்த ஊரோடு செய்துகொண்ட முதல் சமரசம்.

இரண்டாம் வாரத்தில் துணி பிரச்சினை தொடங்கியது. வெளிநாட்டு மழையைப் பற்றி எழுதுகிறவர்கள் குடையையும் சன்னலோரக் காபியையும் எழுதுவார்கள், துணியை எழுத மாட்டார்கள். இங்கே வானிலையை அளப்பதே துணியை வைத்துத்தான். வெயிலும் காற்றும் ஒன்றாக வந்த நாளை 'கிரேட் டிரையிங்' என்பார்கள், துணி காய அருமையான நாள் என்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு இதைச் சொன்னால், தெருவே கூடைகளோடு கொல்லைக்கு ஓடும். அந்த ஜூலையில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதாக நினைவில்லை. 'நாட் டூ பேட்' என்று மட்டும் சொல்வார், தொப்பி நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

அம்மா கொடியில் துணியைப் போடுவாள். இருபது நிமிடத்தில் தூறும். ஓடிப்போய் எடுப்பாள். உள்ளே வந்து மூச்சு வாங்கி உட்காரும்போது வெளியே பளிச்சென்று வெளுக்கும். திரும்பக் கொண்டுபோய்ப் போடுவாள். ஒரு நாள் எண்ணினேன், ஆறு தடவை. ஏழாவது தடவை ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். "பெய்யவும் மாட்டேங்கு, விடவும் மாட்டேங்கு. என்ன மழட்டி இது?"

நியாயமான கேள்வி. அளவில் பார்த்தால் சென்னை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் வாங்குகிறது. டப்ளின் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், சுமார் 750. மழைக்குப் பேர்போன எங்கள் கால்வே பக்கம்கூட 1,200ஐ ஒட்டித்தான். ஆனால் சென்னை தன் பங்கைச் சில வாரங்களில் கொட்டி முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அயர்லாந்தின் மேற்கில் ஆண்டுக்கு 225 நாள் வரைக்கும் ஒரு மில்லிமீட்டராவது பெய்துவிடுகிறது. கொஞ்சத்தை எடுத்து ஆண்டு முழுக்கத் தடவிவைக்கிற கருமித்தனம். அதனால்தான் இவர்களிடம் மழைக்கு இத்தனை வார்த்தை. துப்புகிறது என்பார்கள், சாத்துகிறது என்பார்கள், வாளி வாளியாகக் கொட்டுகிறது என்பார்கள். எனக்குப் பிடித்தது 'சாஃப்ட் டே'. மழை என்றும் சொல்ல முடியாமல், பனி என்றும் சொல்ல முடியாமல் காற்றே நனைந்து தொங்குகிற நாளுக்கு அந்தப் பெயர். ஐரிஷ் மொழியில் 'லா பொக்', மெத்தென்ற நாள். நாம் நசநச என்போம். அவர்கள் அதற்கே ஒரு மரியாதையான பெயரை வைத்துவிட்டு, கூடவே கடவுளுக்கு நன்றியும் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அலுவலகத்திலிருந்து நனைந்து வந்த ஒரு சாயங்காலம், காலணியிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே மழையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மழைய ஏசக்கூடாதுட்டி."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சின்ன வயதில் சோற்றைக் காலால் எத்தியபோது சொன்ன அதே குரல். கிணறு வற்றி, வயல் வெடித்து, மழைக்காகக் கும்பிட்டுக் கிடந்த ஆண்டுகளைப் பார்த்தவள் அவள். இங்கே வந்து ஏழு ஆண்டில் நான் மழையைத் திட்டப் பழகிவிட்டேன். ஐரிஷ்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்ட முதல் நல்ல பழக்கம் இதுதான் என்று நினைத்திருந்தேன். பேச்சைத் தொடங்க மழையைத் திட்டுவதுபோல வசதி எதுவும் கிடையாது. அம்மா வந்த பிறகு வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டேன். திட்டுவதையெல்லாம் வாசலிலேயே முடித்துவிட்டு உள்ளே வருவேன்.

அந்த வாரம்தான் செய்தியில் உருளைக்கிழங்குக்கு எச்சரிக்கை வந்தது. புயலுக்கு எச்சரிக்கை விடுவது தெரியும். ஆனால் இந்நாட்டு வானிலை மையமான மெட் ஏரன், கோடையில் உருளைக்கிழங்குச் செடிக்கும் எச்சரிக்கை விடும். பத்து டிகிரிக்குக் குறையாத வெப்பம், தொண்ணூறு விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம், இந்த இரண்டும் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரம் நீடித்தால் கருகல் நோய் பரவத் தோதான வேளை. இந்தக் கணக்கை 1950களில் வகுத்தவர் ஆஸ்டின் பர்க் என்ற வானிலை அறிஞர். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்ததும், அதற்குக் குறையாத பேர் கப்பலேறியதும் இந்த நோயால் விளைச்சல் அழுகியதால்தான். அம்மாவுக்குச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவங்களுக்கு மழைன்னா பயம் இருக்கத்தான செய்யும்" என்றாள். மழைக்குப் பயப்படுகிற ஊரும் உண்டு என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார். இங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது வாயில் வரவில்லை, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டாள். என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார், சொன்னேன். அன்று முதல் அம்மாவின் குரல் கேட்டால் வேலியோரம் வந்து நிற்பார். இவள் பேசுகிற தமிழ் அவருக்குப் புரியாது, அவர் பேசுகிற கால்வே ஆங்கிலம் இவளுக்குப் புரியாது. இரண்டு பேரும் வானத்தைக் காட்டித் தலையாட்டிக்கொள்வார்கள். அது போதுமானதாக இருந்தது.

கனமாரா போகிற வழியில் அவர் குடும்பத்துக்கு ஒரு துண்டு சதுப்பு உண்டு. அங்கே டர்ஃப் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டு பாசியும் செடியும் மட்கி இறுகிய கரிய மண், காய்ந்தால் அடுப்பெரிக்கலாம். 2022 கடைசியிலிருந்து அதைக் கடை வைத்து விற்கத் தடை. சொந்தச் சதுப்பு உரிமை உள்ளவர்கள் வீட்டுக்கு வெட்டிக்கொள்ளலாம். மே மாதம் எந்திரம் முறுக்குப் பிழிகிற மாதிரி நீள நீளமாகப் பிதுக்கிப் போட்டுவிட்டுப் போகும். மேல்பக்கம் கொஞ்சம் காய்ந்ததும் துண்டு துண்டாகத் தூக்கி, ஐந்தாறை ஒன்றோடு ஒன்று சாய்த்து நிறுத்த வேண்டும், காற்று உள்ளே போக. இதற்கு 'ஃபுட்டிங்' என்று பெயர். ஜூனில் செய்திருக்க வேண்டிய வேலை, அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் தள்ளிப் போட்டிருந்தார். ஜூலை கடைசியில் தூறாத ஒரு சனிக்கிழமை உதவிக்குப் போனோம். அம்மாவும் வந்தாள், என் ரெயின்கோட்டுக்குள் சேலையைச் சுருட்டிக்கொண்டு.

ஒரு துண்டைத் தூக்கினேன். நடுவில் ஒடிந்து பாதி கையில், பாதி தரையில். உள்ளே ஈரக் களி. குனிந்தால் கொசுவைவிடச் சிறிய மிட்ஜ் பூச்சிகள் முகத்தை மொய்த்தன, கடிப்பது தெரியாது, அரிப்புதான் தெரியும். காற்று இல்லாத ஈர நாளில்தான் அவை வருமாம், அதாவது எங்களுக்குக் கிடைத்த ஒரே மழையில்லாத நாளில். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கையில் அம்மா ஒரு துண்டை இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "வறட்டில்லா இது!" பிறகு யாரிடமும் கேட்கவில்லை. காய்ந்த பக்கம் வெளியே, ஈரப் பக்கம் மேலே என்று அவள் பாட்டுக்குச் சாய்த்து நிறுத்திக்கொண்டே போனாள். அண்ணாச்சி வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "இதை எங்கே கற்றுக்கொண்டார்கள்?" என்றார் என்னிடம். சாணத்தைத் தட்டிச் சுவரில் அப்பிக் காய வைப்பதை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

திரும்பும்போது வண்டியில் 1985, 86 கோடைகளைச் சொன்னார். வெட்டிய புல் காயாமல் வயலிலேயே கறுத்ததாம், மாட்டுக்குத் தீவனம் கிடைக்கவில்லையாம். அந்த 1985 மழைக்கோடையில்தான் கார்க் பக்கம் பாலின்ஸ்பிட்டல் என்ற ஊரில் மாதா சிலை அசைகிறது என்று ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. "வேறென்ன செய்வது, பார்ப்பதற்கு வானத்தில் ஒன்றும் இல்லையே" என்றார் அண்ணாச்சி. நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. நிறுத்திவைத்ததில் பாதி அன்றிரவே சரிந்திருக்கும்.

மாதம் முடிந்ததும் மெட் ஏரன் கணக்குச் சொன்னது: நாட்டில் பதிவான ஜூலைகளிலேயே அதிக மழை இந்த ஜூலையில்தான். முந்தின ஆண்டு ஜூலையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். காரணம் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற, பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் காற்றாறு. நல்ல கோடையில் அது அயர்லாந்துக்கு வடக்கே ஓடும், தெற்கிலிருந்து அசோர்ஸ் தீவுகள் பக்கத்து உயரழுத்தம் கை நீட்டி வெயிலைக் கொடுக்கும். அந்த ஆண்டு அது தெற்கே இறங்கி வளைந்துவிட்டது. அட்லாண்டிக் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, டவுன் பஸ் மாதிரி, எங்கள் தலைமேல் வந்து நின்று போயின. அந்த வளைவின் மறுபக்கத்தில் தென் ஐரோப்பா வெந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு குடும்பம் மழைக்குத் தப்பி கிரீஸ் போனது. ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பிடித்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றிய அதே வாரம். இவர்கள் தங்கிய பக்கம் தீ வரவில்லை, நீச்சல் குளத்தில் சாம்பல் மட்டும் விழுந்ததாம். திரும்பி வந்து மழையில் பத்து நிமிடம் சும்மா நின்றேன் என்று அந்தப் பெண் சொன்னாள்.

ஆகஸ்ட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஜூலைதான் தொடர்ந்தது. குதிரைப் பந்தய வாரத்தில் தொப்பியில் இறகு குத்திய பெண்கள் நனைந்த கோழி மாதிரி பஸ்ஸுக்கு நின்றார்கள். ஜூலை 15, புனித ஸ்விதின் நாள், அன்று பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்று நம்பிக்கை. அன்று தூறியதும் என் மகன் நாட்காட்டியில் பெருக்கல் குறி போடத் தொடங்கினான். இருபத்தி மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

மோர்மிளகாய்க் கதைக்கு வருகிறேன். மழையோடு மல்லுக்கு நிற்பதென்று அம்மா முடிவு செய்திருந்தாள் போல. ஆசியக் கடையில் ஒரு கிலோ மிளகாய் வாங்கி, கீறி, தயிரில் உப்புப் போட்டு ஊறவைத்துவிட்டாள். ஊறவைத்த பிறகுதான் வெயில் வேண்டும் என்ற நினைப்பே வந்ததாம். சன்னல் திட்டில் மூன்று நாள் வைத்தாள். நான்காம் நாள் காம்போரம் வெள்ளையாகப் பூஞ்சை. கழுவித் திரும்ப ஊறவைத்தாள். ஈரம் உறிஞ்சும் எந்திரத்துக்கு எதிரே தட்டை வைத்துப் பார்த்தாள். அந்த எந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை வீட்டுக் காற்றிலிருந்து பிழிந்து கொடுக்கும். அதையும் கீழே ஊற்ற மனம் வராமல் செடிக்கு ஊற்றுவாள், வெளியே கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு. கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள், ஹாட் பிரஸ். சுடுதண்ணீர் உருளை இருக்கிற அலமாரி அது, ஐரிஷ் வீடுகளில் துண்டும் படுக்கை விரிப்பும் அங்கேதான் கதகதப்பாக அடுக்கியிருக்கும். மேல்தட்டில் மிளகாய், கீழ்த்தட்டில் எங்கள் துண்டுகள். ஐந்து நாளில் மிளகாய் சலசலவென்று காய்ந்துவிட்டது. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் மோர்மிளகாய் வாசனையோடு வேலைக்குப் போனோம். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "யாராவது மதியச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18 இரவு ஒரு புயல் வந்தது. கோடையில் புயல். அதன் பெயர் பெட்டி. செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது மகன் பாட்டிக்குச் சொன்னான், "ஆச்சி, பெட்டி வருது." அம்மா சால்வைக்கு மேல் என் ஸ்வெட்டர், அதற்கு மேல் மருமகனின் ஜாக்கெட் என்று உட்கார்ந்திருந்தாள். வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"பெட்டி வருதா? அப்ப கெட்டிருவமா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, யாரோ கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி சொன்னாள்: "குத்தாலத்துலயும் மூணு நாள்ல ஊருக்குத் திரும்பிருவம்லா."

அவள் அதற்கு மேல் மழையை ஏசவில்லை. அதுவே அவளுக்கு அதிகம்.

செப்டம்பர் முதல் வாரம், பள்ளி திறந்த கையோடு, வெயில் அடித்தது. உண்மையான வெயில், சட்டை ஒட்டுகிற வெயில். இதற்கும் இங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. பிள்ளைகளைச் சீருடையில் அடைத்த பிறகுதான் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா வீட்டிலுள்ள போர்வை, மெத்தை, தலையணை, மிச்ச மிளகாய் அத்தனையையும் வெளியே கொண்டுபோய்ப் பரப்பினாள். வேலிக்கு அப்பாலிருந்து அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், அந்த வார்த்தையைச் சொன்னார். அம்மா என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ஊருக்குப் போனாள். டிசம்பர் 17 இரவிலிருந்து அவள் போன் கிடைக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்தது. டப்ளினுக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்திருந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகளோடு ரயில் நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அண்ணாச்சி தினம் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாருடைய போனிலோ பேசினாள். கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மாடியில் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக இருக்கிறோம், அரிசி இருக்கிறது, பயப்படாதே என்றாள். குரல் கம்மியிருந்தது. பின்னால் யாரோ குழந்தை அழுதது. சார்ஜ் இல்லை, வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வைக்காமல் கேட்டாள்.

"அங்க மழையாட்டி?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலை தெரியவில்லை.

"இல்லம்மா," என்றேன். "சாஃப்ட் டே."